திருப்பிக் கொடுத்த செயின்சாக்கள்

1

என்னோடு கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் கல்லூரி படித்த கவிதா போன மாதம் வாட்ஸப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "ஏண்டி, அமெரிக்காவுல ஊட்டுக்கு ஊடு மரம் அறுக்கிற மிஷின் வெச்சிருப்பாங்களாமே? எங்க அன்னூர்த் தோட்டத்துல ஒரு கிளை முறிஞ்சு உழுந்தாக்கூட அறுக்க ஆளு கிடைக்க மாட்டேங்குது. எது வாங்கினா நல்லது, சொல்லு."

ஆள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள். இந்த இரண்டு மாதத்தில் மூன்று செயின்சாக்களை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்காவதை வைத்துக்கொண்டவள் நான். கடைக்காரரைவிட எனக்கு அதிகம் தெரியும்.

அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை. இரண்டு வரியில் முடிகிற பதில்தான். வீட்டுத் தோட்டத்துக்கு என்றால் பேட்டரியில் ஓடுவது வாங்கு. பதினான்கு அங்குலம், மிஞ்சினால் பதினாறு. இயந்திரம் துள்ளினால் சங்கிலியை நிறுத்தும் செயின் பிரேக் இருக்கிறதா என்று பார். தொடைக்குக் கவசத்துணியும் முகமூடி வைத்த தலைக்கவசமும் சேர்த்து வாங்கு, இல்லாவிட்டால் வாங்காதே. இவ்வளவுதான். ஆனால் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் கை வேறு எதையோ எழுதுகிறது. எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் எழுதுவதை இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு ஸ்கேன் இருக்கிறது. மூன்று மாதம் முடியும் முன் ஊருக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த நாள் கடந்திருக்கும். கடக்காமலும் போயிருக்கலாம். அம்மா நான் பத்திரிகையில் எழுதும் இந்தக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படிப்பார். படித்ததாகச் சொல்ல மாட்டார்.

2

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், மழைக்குப் பெயர்போன ஒரு சிற்றூரில் இருக்கிறோம். நான், கணவர் செந்தில், ஆறு வயது மகள் இனியா. வீட்டைச் சுற்றி மரங்கள். வீடு பார்க்க வந்த அன்று அந்த மரங்களுக்காகத்தான் பிடித்தது. இப்போது இரவில் காற்று வந்தால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பின்பக்கம் ஆல்டர் என்று ஒரு மரம். நாங்கள் வருவதற்கு முன்பே பட்டுப்போக ஆரம்பித்திருக்கிறது. போன குளிர்காலத்தில் உச்சி முறிந்து விழுந்தது. மிச்சம் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. நேராக நின்றாலும் பரவாயில்லை. வீட்டைப் பார்த்துச் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த திசையில் இருப்பது இனியாவின் அறை. அறைக்குள் அந்தச் சுவரோரம் அவளுடைய கட்டில்.

கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். மரத்தின் உயரத்தை நினைத்துப் பார்த்தேன். எதிர்ச் சுவரும் எட்டும்.

ஆகஸ்டில் வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் அனுப்பிப் படம் எடுத்தது. பிறகு கடிதம் வந்தது. பட்ட மரத்தை அக்டோபர் கடைசிக்குள் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டும் என்று யாரோ சொல்ல, ஊராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எங்கள் மரம் எக்ஸ்பயர் ஆகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாக, எந்த அனுமதிச் சீட்டு காலாவதியானது என்று கேட்டாள். நம் ஊரில் மனிதர்களே எக்ஸ்பயர் ஆகிறார்கள், மரம் ஆகக் கூடாதா? இரண்டு முறை விளக்கிய பிறகு, பட்ட மரத்துக்கு அனுமதி தேவையில்லை, தாராளமாக வெட்டுங்கள் என்றாள். அவள் தேவை என்று சொல்லியிருந்தால் பின்னால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

மரம் வெட்டும் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். காற்றுக்காலம் நெருங்கிவிட்டது, ஜனவரிக்கு முன் முறை வராது என்றார்கள். பக்கத்து வீட்டு ராய் ஓய்வு பெற்றவர். இந்த மண்ணிலேயே பிறந்து மரங்களோடு வளர்ந்தவர். வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, உச்சி போன மரம்தானே, கயிறு கட்டி என் வண்டியால் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறேன், நீ அறு என்று செந்திலிடம் சொன்னார். அவருக்குத் தோள்பட்டை அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் ரம்பம் பிடிக்க முடியாது.

செந்தில் செயின்சா பார்க்க ஆரம்பித்தார். அதே வாரம்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது.

3

கொங்கு நாட்டு வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருந்தால் அந்த வீட்டுக்காரன் மரம் வெட்டக் கூடாது. ஆள் விட்டும் வெட்டக் கூடாது. தலைமுடி, தாடி எடுக்கக் கூடாது. எதையும் வெட்டிச் சாய்க்கிற, முடித்துவைக்கிற வேலை அந்த வீட்டில் நடக்கக் கூடாது.

நான் நுண்ணுயிரியல் முதுகலை. எது எதனால் நடக்கிறது என்பதற்குச் சோதனை வைத்துப் பார்க்கப் படித்தவள். இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை, இரண்டு வருடத்துக்கு முன்பு வரை.

அப்போது இனியாவுக்கு நான்கு வயது. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தது. நடைபாதைக்கு மேலே ஒரு செர்ரிக் கிளை தாழ்ந்து வந்து முகத்தில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை செந்தில் கை ரம்பம் எடுத்து அறுத்துப் போட்டார். பச்சைக் கிளை. அறுத்த இடம் ஈரமாக இருந்தது. அடுத்த வாரம் குழந்தை இல்லை என்று ஆகிவிட்டது. இது எத்தனையோ பேருக்கு நடப்பதுதான், நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை, செய்யாத எதனாலும் வந்ததில்லை என்று மருத்துவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் தலையாட்டினேன். பாடத்தில் நானும் படித்ததுதான்.

அன்று ஊருக்குப் போன் செய்தபோது அம்மா அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாப்பிள்ளை ஏதாச்சும் வெட்டினாருங்களா கண்ணு?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. நான்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. பீளமேட்டில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒரு புங்கமரம் உண்டு. அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு அதுதான் நிழல். அண்ணி முதல் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த சமயம், கிளை கம்பியில் உரசுகிறது என்று கரண்ட் ஆபீசிலிருந்து ஏணியும் அரிவாளுமாக ஆட்கள் வந்தார்கள். அம்மா வாசலுக்குப் போனார்.

"ஏனுங்க தம்பி, மருமக முழுகாம இருக்கறா. அப்புறமேட்டுக்கு வந்து வெட்டிக்கலாமுங்களா?"

ஏணியைத் தூக்கி வந்தவர் ஏணியை இறக்கவே இல்லை. "இத முன்னாடியே சொல்லியிருந்தா இந்த வெயில்ல வந்தே இருக்க மாட்டமுங்களே. எத்தனாவது மாசமுங்க?"

"எட்டு முடியப் போகுதுங்க."

"அப்பறம் என்னங்க, புள்ள பொறந்து பேரு வெச்சப்பறமா வாரோம். இப்போதைக்குக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியுட்டுப் போறோமுங்க."

கிளையைக் கம்பியிலிருந்து விலக்கிக் கட்டிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அரசாங்க வேலை ஒன்று, பிறக்காத ஒரு குழந்தைக்காக இரண்டு மாதம் காத்திருந்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

நானும் முயன்று பார்த்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து, மே மாதம் வரை தவணை கிடைக்குமா என்று கேட்டேன். காரணம் கேட்டார்கள். நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்றேன். அதற்கும் மரத்துக்கும் என்ன என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் ஒரு மரியாதைதான். மனதார வாழ்த்துச் சொன்னாள். கோப்பில் எழுதி வைப்பதாகச் சொன்னாள். தேதி மாறவில்லை.

4

எனவே செயின்சா தேர்ந்தெடுப்பதில் இறங்கினேன். சரியானது கிடைக்கும் வரை வெட்ட முடியாதல்லவா.

முதலில் வந்தது பெட்ரோலில் ஓடுவது, பதினெட்டு அங்குலம். செந்தில் தானே போய்த் தூக்கி வந்தார். கோயம்புத்தூர்க்காரர் புத்தி அது. ஒரு ஹெச்பி போதும் என்கிற கிணற்றுக்கு இரண்டு ஹெச்பி மாட்டுகிற ஊரில் வளர்ந்தவர்.

"ஏனுங்க, இது நம்ம மரத்துக்கா, மேட்டுப்பாளையம் மர டிப்போவுக்கா?"

"பெருசா இருந்தா வேலை சீக்கிரம் முடியும்."

"சீக்கிரம் முடிச்சுப்போட்டு எங்க போறீங்க?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ரம்பத்தின் நுனி எதிலாவது இடித்தால் மொத்த இயந்திரமும் பிடித்திருப்பவர் முகத்தை நோக்கித் துள்ளி வரும். நீளம் கூடக் கூட எடை கூடும். கை ஓய்ந்த நேரத்தில்தான் அது துள்ளும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும்; மாதக்கணக்கில் வைத்திருந்தால் கெட்டுப்போய்க் கிளம்பாது. இதையெல்லாம் சொன்னேன். பெட்ரோல் ஊற்றாதவரை கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பதால், காருக்கு வாங்கி வைத்திருந்த பெட்ரோல் கேனைப் படிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

"சரி, திருப்பிக் குடுத்தர்றேன்" என்றார் செந்தில். நான் நினைத்ததைவிடச் சுலபமாகச் சொன்னார்.

இரண்டாவது, கரண்டில் ஓடுவது. இலேசானது, சத்தம் குறைவு, எப்போதும் கிளம்பும். ஆனால் ஒயர் மரம் வரை எட்ட வேண்டும். மழையில் நனைந்த புல்லில் ஒயரை இழுத்துக்கொண்டு ஒருவர் ரம்பம் பிடிப்பதா? நான் பட்டறைக்காரர் மகள். ஒயர் தேய்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். அதுவும் போயிற்று.

மூன்றாவது பேட்டரி, பன்னிரண்டு அங்குலம். கிளை கழிக்க நல்லது. அடிமரத்துக்குச் சிறியது, இரண்டு பக்கமிருந்தும் அறுக்க வேண்டி வரும், பாதி அறுத்த நிலையில் சாய்ந்த மரத்தை நம்பி மறுபக்கம் போவது தப்பு. அதுவும் போயிற்று.

நான் சொன்ன காரணம் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்திருந்தால் எங்காவது ஓரிடத்தில் வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பேன்.

மூன்றாவது முறை நான் தனியாகக் கடைக்குப் போனேன். திருப்பி வாங்கும் மேசையில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். இதில் என்ன குறை அம்மா என்று கேட்டார். அளவு சரியில்லை என்றேன். திரையைப் பார்த்தபடி, உடைந்திருந்தது, தவறான பொருள், மனம் மாறியது என்று வரிசையாகப் படித்துவிட்டு, எதைப் போடட்டும் என்றார். மனம் மாறியது என்று போடச் சொன்னேன். எந்த மனம், எதிலிருந்து எதற்கு மாறியது என்று அவர் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

வாரங்கள் போயின. அதைத்தானே விரும்பினேன் என்று நீங்கள் கேட்கலாம். போன ஒவ்வொரு வாரமும் இனியா அந்த மரத்தின் கீழ் தூங்கினாள்.

5

பீளமேட்டில் நாங்கள் எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் படுப்போம். அப்பா ஓரம், அடுத்து அண்ணன், பிறகு நான், அம்மா. தனி அறை என்பது விருந்தாளிக்கும் காய்ச்சல்காரருக்கும்தான். இங்கே குழந்தை பிறந்த அன்றே அதற்கென ஓர் அறை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டேனோ என்று பயந்து, நானும் இனியாவுக்கு அறை போட்டுக் கொடுத்தேன். சுவரில் நட்சத்திரம் ஒட்டியவள் நான்தான்.

"கொஞ்ச நாளைக்கு அம்மாகூட வந்து படுத்துக்கறியா சாமி?"

"ஏன்?"

"சும்மாதான். அம்மாவுக்குக் குளுருது."

"அப்பா இருக்காரே" என்றாள். பிறகு ஆங்கிலத்தில், பாப்பாக்கள்தான் அம்மாவோடு தூங்கும், என் வகுப்பில் யாரும் அப்படித் தூங்குவதில்லை என்றாள். வற்புறுத்தித் தூக்கி வந்தால், நான் கண்ணயர்ந்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். காலையில் அவள் அறைக் கதவைத் திறக்கும் முன் நான் ஒரு நிமிடம் நின்று மூச்சுச் சத்தம் கேட்பேன்.

அவளுக்கு அந்த மரம் பிடிக்கும். அதன் பொந்தில் ஒரு மரங்கொத்தி வந்து போகிறது. பள்ளியில் படம் வரைந்து காட்டியிருக்கிறாள்.

ஊரில் யாருக்கும் மரத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. வயிற்றில் இருப்பதை மட்டும் சொல்லியிருந்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்கிறவள் நான் ஒருத்திதான் என்று இருந்தேன். ஒரு சனிக்கிழமை வீடியோ காலில் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். இனியா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மாயி, அப்பா மரம் கட் பண்ணப் போறாங்க. என் ரூம் பக்கத்து மரம். நாலாவது மிஷின் வந்தாச்சு."

அவளுக்குத் தமிழ் வரவில்லை என்று நான் எத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். அன்று தடங்கலில்லாமல் வந்தது.

திரையில் அம்மாவின் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எந்த மரம் கண்ணு?" என்றார் மெதுவாக.

சொன்னேன். சாய்ந்திருப்பதை, இன்சூரன்ஸ் தேதியை, எல்லாவற்றையும்.

அப்பா குறுக்கிட்டார். "பட்ட மரம்னு சொல்றாளில்ல. பட்டதுக்கு என்ன சாஸ்திரம்? உசுரு இருந்தாத்தான் மரம். இது வெறகு."

"நீங்க சித்த சும்மா இருங்க. பொந்துல குருவி இருக்குதுன்னு பாப்பா போன வாரம் சொன்னாளே, அது உசுரில்லீங்களா?"

"குருவி பறந்து போயிருமில்ல. ஊட்டு மேல உழுந்தா பாப்பா எங்க பறக்கும்?"

அம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். நுண்ணுயிரியலை எல்லாம் எடுத்து வீசியிருப்பேன்.

"நான் ஒண்ணும் சொல்லலை கண்ணு. நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியாததா" என்று மட்டும் சொன்னார்.

6

நான்காவது செயின்சா, பேட்டரி, பதினாறு அங்குலம். செயின் பிரேக் உண்டு, எடை தாங்கக்கூடியது, அடிமரத்தை ஒரே பக்கத்திலிருந்து அறுக்கும் நீளம். குறை ஒன்றுமில்லை. இரண்டு நாள் தேடிப் பார்த்தேன், ஒரு குறைகூட அகப்படவில்லை. பெட்டி சாப்பாட்டு மேசை மேலேயே இருந்தது. நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அந்த வாரம் முதல் பெருங்காற்று வந்தது. இருட்டும் நேரம். இனியாவின் அறைக் கூரையில் எதுவோ தொப்பென்று விழுந்து உருண்டது. நான் ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். தலை நிமிர்த்தவில்லை.

"அம்மா, மரம் கதவு தட்டுது" என்றாள்.

கை பருமன் கிளை. கூரை ஓட்டில் ஒரு பிளவு. அவ்வளவுதான் சேதம். அன்று மூன்று பேரும் சமையலறைக்குப் பக்கத்துக் கூடத்தில் தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தோம். கூடாரம் போட்டு விளையாடுகிறோம் என்று சொன்னதும் இனியா ஒத்துக்கொண்டாள்.

காலையில் அவள் பள்ளிக்குப் போன பிறகு செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செர்ரிக் கிளையை. அம்மா அன்று கேட்ட கேள்வியை. பெட்ரோல் கேன் எங்கே இருக்கிறது என்பதை.

அவர் காபித் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"கேனு படிக்கட்டுக்கு அடியில இருக்கறது எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன் கேக்கலீங்க?"

"கேட்டா ஊத்தோணுமே."

அவர் தாடையைத் தடவினார். ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்த தாடி. குளிருக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அலுவலகத்தில் எல்லோரும் கேலி செய்வதாகவும், இனியா முத்தம் கொடுக்க மறுப்பதாகவும் அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குன்னு நெனச்ச?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் அவ்வளவு சுலபமாக அவர் சொன்னது ஏன் என்பதும் புரிந்தது. இரண்டு வருடமாக அந்த ஈரமான கிளை நுனியை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அறுத்த கை அவருடையது. என்னிடம் சொன்னால் நான் அதை நம்பிவிடுவேனோ என்று அவர் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் அவர் தாங்கமாட்டாரோ என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் செயின்சாவின் நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வெளியே காற்று இல்லை. ஆல்டர் அசையாமல் நின்றது. அடுத்த காற்று சனிக்கிழமை இரவு என்று வானிலை சொல்லியிருந்தது.

"நீ என்ன சொல்றியோ அதான்" என்றார். "வேண்டாம்னா வேண்டாம். ஊட்டப் பூட்டிப்போட்டு ஜனவரி வரைக்கும் வாடகைக்குப் போயர்லாம். இன்சூரன்ஸ் போனாப் போகுது."

அதையும் யோசித்தேன். யோசித்தால் முடிகிற காரியமாகத் தோன்றவும் செய்தது. ஆனால் பட்ட மரத்துக்குப் பயந்து வீடு மாறுகிறவள், அடுத்து எதற்குப் பயந்து எதை மாற்றுவேன்? ஒரு குழந்தையை எண்ணி இன்னொரு குழந்தையின் தலைக்கு மேலே மரத்தை நிறுத்தி வைத்திருந்தது போதாதா? வெட்டினால், பிறகு ஏதாவது ஒன்று நடந்தால், மருத்துவர் ஆயிரம் சொன்னாலும் நான் சாகும்வரை இதுதான் காரணம் என்று நம்புவேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"இருக்கற புள்ளைக்காக வெட்டுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை.

7

சனிக்கிழமை காலை இனியாவை ராயின் மனைவியிடம் விட்டோம். ராய் வண்டியைக் கொண்டுவந்து எதிர்ப்பக்கம் நிறுத்தி, மரத்தின் மேல்பாதியில் கயிறு கட்டி இறுக்கினார். மரங்கொத்தி இரண்டு நாளாக வரவில்லை. கிளை முறிந்த சத்தத்தில் போயிருக்கலாம். ராய் ஏணி வைத்துப் பொந்துக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காலி என்று கை காட்டினார்.

செந்தில் தொடைக் கவசம் கட்டி, தலைக்கவசம் போட்டு, அடையாளம் தெரியாத ஆளாக நின்றார். கண்ணாடிக்குக் கீழே தாடி மட்டும் தெரிந்தது. செயின்சாவைத் தூக்கியவர் மறுபடி கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"ஊட்டுல எலுமிச்சம்பழம் இருக்குதா?"

குளிர்பதனப் பெட்டியில் ஒன்று இருந்தது. பாதி காய்ந்தது. கொடுத்தேன். மரத்தடியில் வைத்துக் காலால் நசுக்கினார். இது என்ன பாதுகாப்பு முறை என்று ராய் கேட்டிருக்க வேண்டும்; செந்தில் ஏதோ சொல்ல, அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

நான் வாசல்பக்கத்து அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வயிற்றில் கையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்றுகூட முடிவு செய்ய முடியவில்லை. செயின்சா கிளம்பியது. பேட்டரியில் ஓடுவதற்குச் சத்தம் குறைவு என்று நானே படித்துத் தேர்ந்தெடுத்தது. மரத்தில் பட்டதும் எல்லாம் ஒரே சத்தம்தான்.

போன் அடித்தது. சனிக்கிழமை, அங்கே படுக்கும் நேரம். அம்மா வழக்கமாகக் கூப்பிடும் நேரம்தான். எடுக்காமல் விட்டால் பயந்துவிடுவார். படத்தை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"சாப்பிட்டயா கண்ணு?"

"ஆச்சுங்கம்மா."

"அது என்ன சத்தம்?"

"பக்கத்து ஊட்டுல மரம் அறுக்கறாங்கம்மா."

இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அது ஏறி, இறங்கி, நின்றது. ராய் ஏதோ கத்தினார். வண்டி உறுமியது. நீளமாக ஒரு முறிவு. பிறகு தரை ஒருமுறை அதிர்ந்தது. அலமாரியில் தம்ளர்கள் உரசிக்கொண்டன. கோயம்புத்தூர் வரைக்கும் அது கேட்டிருக்கும்.

"உழுந்துருச்சா?" என்றார் அம்மா.

"உழுந்துருச்சுங்கம்மா."

"ஊட்டு மேல படலையே?"

எழுந்து போய்ப் பின்பக்க ஜன்னலில் பார்த்தேன். மரம் வேலியைப் பார்த்து நீளப் படுத்திருந்தது. செந்தில் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நின்றார். இனியாவின் ஜன்னலுக்கு மேலே வெறும் வானம்.

"இல்லீங்கம்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

அம்மா மூச்சு விடுவது கேட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். படத்தை அணைத்து வைத்தது நல்லதாகப் போயிற்று.

"ஏங்கண்ணு, அந்தப் பக்கத்து ஊட்டுல யாராச்சும் முழுகாம இருக்காங்களா?"

நான் ஜன்னல் வழியே விழுந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருந்தா, அவ நல்லா இருக்கட்டும்" என்றார். "மரத்தயே நெனச்சுட்டு இருக்க வேண்டாம்னு சொல்லு. பெத்தவ சொன்னான்னு சொல்லு. நேரத்துக்கு உண்டுபோட்டுப் படுத்துக்கச் சொல்லு."

"சொல்றனுங்கம்மா" என்றேன்.